மூன்றடி இரண்டங்குலம்

நாகவேணி வீட்டு அடுப்பு மேடையில்
முதல் அடி என்னுடையது.
சுத்தியல், பஞ்சர் கடையில் இரவல்.
தைரியம், கைப்பேசியில் பார்த்த
பதினோரு காணொளிகளில் இரவல்.

அவள் ஐந்தடி ஒன்பதங்குலம்.
மேடை இரண்டடி நான்கு.
வீடு கட்டும்போதே கேட்டாளாம்,
யார் உயரத்துக்கு வைக்கிறீர்கள் என்று.
"பொம்பளைங்க உயரத்துக்கும்மா" என்றாராம் மேஸ்திரி.
அந்தப் பொம்பளை யாரென்று
பழையபேட்டை முழுக்கத் தேடியும்
பதினாறு வருஷமாய்க் கிடைக்கவில்லை.
கிடைத்தது இடுப்பு வலியும்
சேலத்து டாக்டர் கொடுத்த பெல்ட்டும்.

மாங்கூழ் டின் ஏற்றிக்கொண்டு
நாக்பூர் போயிருந்தான் திம்மராஜ்.
திரும்பப் பன்னிரண்டு நாள்.
"அதுக்குள்ள முடிச்சிடலாமா டீச்சர்?"
முடிச்சிடலாம் என்றேன்.
பத்தாம் வகுப்புக்கு வடிவியல் நடத்துகிறவளுக்கு
ஒரு சுவர் எம்மாத்திரம்!

எம்மாத்திரம் என்று சுவர் காட்டியது.
மூன்றடி இந்தப் பக்கம், நான்கடி அந்தப் பக்கம்,
குறுக்கே அளந்தால்
ஐந்தும், அதற்குமேல் ஒரு விரலும்.
கரும்பலகையில் இத்தனை காலம் நான் வரைந்த செங்கோணம்
இந்த ஊரில் யார் வீட்டிலும் இல்லை போல.

மூன்றாம் நாள் பைப்பை அறுத்தேன்.
மெயின் வால்வு எங்கே என்று
அறுத்த பிறகுதான் கேட்டேன்.
கட்டைவிரலால் அடைத்துப் பிடித்துக்கொண்டு
புருவத்திலிருந்து தண்ணீர் சொட்ட
தெலுங்கில் ஒன்று சொன்னாள்.
தெலுங்கு அவளுக்குக் கோபத்தில் வரும்,
அக்காவிடம் வரும்.
சிரித்துக்கொண்டே மாடிக்கு ஓடினேன்,
படியில் வழுக்கினேன்.

ஒன்பது நாள் கூடத்தில் சமையல்.
டி.வி.க்குக் கீழே சிலிண்டர்,
சோபாவில் மிளகாய்த்தூள் டப்பா.
தரையில் குந்திக் களி கிளறினாள்.
"குனியறதுல இது அடுத்த வகுப்பு" என்றாள்.

பர்கூர் சாலையில் ஒரு கல் பட்டறை.
ஏற்றுமதிக்கு ஆகாத துண்டுகளை
வேலியோரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.
கறுப்பு. ஆறடி. ஒரு மூலை உடைந்தது.
"வீட்டுக்கா, சமாதிக்கா?" என்றான் பையன்.
"ரெண்டுக்கும் நடுவுல" என்றாள் இவள்.

ரசமட்டம் நானூறு ரூபாய் சொன்னார்கள்.
கண்ணாடிக் குழாய் மீட்டர் பதினைந்துதான்.
தண்ணீர் நிரப்பி
ஒரு முனை அவள் கையில்,
மறு முனை என் கையில்.
ஆடி அடங்கும்வரை அசையக்கூடாது என்றேன்.
பேசவும் வேண்டாமே என்றேன்.
அவ்வளவு நேரம் நாங்கள் பேசாமல் நின்றது
முன்பு ஒரே ஒரு முறை,
ஆஸ்பத்திரி வராந்தாவில்.
அதை இங்கே எடுக்க வேண்டாம்.
தண்ணீர் நின்றது.
மூன்றடி இரண்டங்குலத்தில் பென்சில் கோடு.
அவள் முழங்கை மடங்கும் இடத்துக்கு
அரைச்சாண் கீழே.

அப்படியும் சரிந்தது.
எலுமிச்சம்பழம் வைத்தால்
யோசித்து யோசித்து
தொட்டிப் பக்கம் போகிறது.
"தண்ணி தேங்காது, நல்லதுதான்" என்றாள்,
எனக்காக.

திங்கட்கிழமை முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள்,
"மிஸ், நகத்துல என்ன, சுண்ணாம்பா?"
"சிமெண்ட்" என்றேன்.
தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

திம்மராஜ் வந்தான். ஐந்தடி மூன்று.
டீ போடப் போய் நின்றான்.
தோளைத் தூக்கி, எக்கி,
பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்தான்.
"யார் உயரத்துக்குடி இது?"

நாகவேணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்,
முதுகு நேராக.
கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை ஒன்று
மூலையில் கிடந்தது.
காலால் அதை அவன் பக்கம் தள்ளிவிட்டு,
உருண்டு வந்த எலுமிச்சையை
பார்க்காமலே
இடக்கையால் நிறுத்தினாள்.