ஆறு ஆம்பியர்

வோர்க்கூத்தாவில் ஜனவரி.
வெயில் என்பது ஒரு வதந்தி.
ரொட்டி வண்டியின் பானெட்டுக்குள் குனிந்து
கறுப்பை முதலில் கழற்றினேன், அப்புறம் சிவப்பு.
கையுறைக்குள் விரல்கள் பாக்கி இருக்கின்றனவா என்று
மேலே போய்த்தான் எண்ண வேண்டும்.

பதினாறு கிலோ. நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது.
பிள்ளையைச் சுமப்பதுபோல் என்று சொல்லலாம்தான்.
பிள்ளை கொஞ்சம் சாய்ந்தால் அமிலம் வழியாது.

வந்த வேகத்தில் சொருகிவிடக் கை பரபரத்தது.
விடிகாலை நாலுக்கு அடுமனை வாசல்,
முந்நூறு ரொட்டி, இரண்டு பள்ளி, ஒரு மருத்துவமனை.
ஆனால் லேசாக அசைத்தால்
உள்ளே எதுவும் அலம்பவில்லை.
உறைந்து கிடக்கிறது.
உறைந்ததற்கு மின்சாரம் ஊட்டினால்
வெடித்துத்தான் பதில் சொல்லும்.

அடுமனைக்குப் போன் போட்டேன்:
நாளை அக்ரிப்பினாவை அனுப்புங்கள்.
ஒரு நாள் கூலி போயிற்று.
ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க வேண்டும்;
இங்கே உருகவும் பொறுக்க வேண்டியிருக்கிறது.

முன்னறையில் பிளாஸ்டிக் தட்டின் மேல்
விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது.
விலா வீங்கியிருக்கிறதா,
மூலையில் மயிரிழை விரிசல் உண்டா,
டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
கட்டிக்கொண்டவனைக்கூட
இப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை.
இரவெல்லாம் அதற்கு வியர்த்தது.
துடைத்தேன். மறுபடி வியர்த்தது.

மறுநாள் சாயங்காலம்
உள்ளே தண்ணீர் பேசியது.
மோதிரத்தைக் கழற்றிச் சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டேன்.
கழற்ற ஒரு காரணம் கிடைத்தது.
அறுபதுக்கு ஆறு ஆம்பியர்:
பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி ஊட்டும் கணக்கு.
சிவப்பைச் சிவப்பில். கறுப்பைக் கறுப்பில்.
இரண்டும் கவ்விய பிறகே சுவரில் பிளக்.
எடுக்கும்போது சுவர்தான் முதலில்
என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.
கேட்கப் பூனை மட்டும்.
அதுவும் சமையலறைக் கதவுக்குப் பின்னால்.

பிறகு ஜன்னல்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
அது உயிர் பிடிக்க
என் வீடு விறைக்க வேண்டும்.
கோட்டும் தொப்பியுமாக
என் சொந்தக் கட்டில் ஓரத்தில்
பஸ் வராத நிறுத்தத்தில் இருப்பவள்போல் இருந்தேன்.

கதவு தட்டல். எதிர்வீட்டு வெனியாமின்.
"உன் கதவடியிலிருந்து குளிர் வருது."
உதட்டில் சிகரெட், நுனியில் கனல்.
நான் கத்துவதற்குள் அவன் கண்
தட்டு, கம்பி, ஜன்னல் என்று ஓடி முடித்திருந்தது.
"வாசனை வருமா?"
"அந்த வாயுவுக்கு வாசனை இல்லை."
பத்தொன்பது வருடம் சுரங்கத்தில் இருந்தவன்,
வேலையை விட்டுப் போன வருடம் நிறுத்தப்பட்டவன்.
வாசனையில்லாததன் குணம்
அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை.
கனலை உள்ளங்கையால் மூடியபடி
நான்கு மாடியும் இறங்கினான்.
பனியில் பூட்ஸ் திருகும் சத்தம்
திறந்த ஜன்னல் வழியே மேலே வந்தது.

திரும்பி வந்தவன்
லைட்டரைத் தன் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான்.
ஜன்னலை இன்னும் ஒரு சாண் திறந்தான்.
முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
முள்ளைப் பார்த்தோம். ஆறு. வெகுநேரம் ஆறு.
தேநீர் கையிலேயே ஆறிப்போனது.
நடுநிசிக்குப் பிறகு, யாரிடமோ சொல்வதுபோல்,
"லாவ்ரெந்திக்கு எதிலும் அவசரம்" என்றான்.
அவ்வளவுதான்.
லாவ்ரெந்தி யார் என்று நான் கேட்கவில்லை.
முள் நான்குக்கு இறங்கியது, பிறகு ஒன்றரைக்கு.

மூன்று மணி. சுவர் முதலில்.
கொஞ்சம் பொறுத்து, கறுப்பு. சிவப்பு.
இறங்கும்போது ஆளுக்கு இரண்டு மாடி.
வண்டியில் சிவப்பை முதலில் பூட்டினேன்.
சாவி திருகியதும்
இருமி, திட்டி, எழுந்துகொண்டது.

தெருமுனையில் கண்ணாடியைப் பார்த்தேன்.
தூரத்தில், அவன் முகம் இருக்கவேண்டிய உயரத்தில்,
சின்னதாக ஒரு சிவப்பு.
இப்போதுதான் பற்றவைத்திருக்கிறான்.