கொட்டிய தண்ணீர்

விஸ்ப் நிலையத்தில் பஸ் எடுத்தால்
கடைசி நிறுத்தத்துக்கு ஐம்பது நிமிடம்.
அதற்குப் பிறகு கால்தான்.
எப்போதோ ஒரு கோடையில் எரிந்த சரிவு.
கரிமரங்கள் இன்னும் நிற்கின்றன,
கூட்டம் முடிந்தது தெரியாத ஆட்களைப் போல.

கீழே முப்பத்தெட்டு வீடுகள், ஒரு தேவாலயம்,
சனிக்கிழமை மட்டும் திறக்கும் பாற்கட்டிக் கடை.
மாரியில் பனி அந்தக் கூரைகளைப் பார்த்தபடியே படுத்திருக்கும்.
"இங்கே காடு அழகுக்கு இல்லை,
வீட்டுக்குத் தாழ்ப்பாள்" என்றார் வனக்காவலர் ருப்பன்,
முதல் நாள், மண்வெட்டியை என் கையில் தந்தபடி.

நட்டது நானூற்றுப் பன்னிரண்டு.
லார்ச், பைன், கொஞ்சம் ஓக்.
ஒன்றும் முழங்கை நீளம் இல்லை.
ஒவ்வொன்றுக்கும் மேற்பக்கமாக
ஒரு மரமுக்காலி அடித்து இறக்கினோம்,
வழுக்கி வரும் பனி முதலில் அதில் முட்டட்டும் என்று.
நுனிக்குருத்தில் ஆட்டுரோமம் சுற்றினோம்;
மானின் நாக்குக்கு அது கூசுமாம்.
தெஸ்ஃபாய் சுற்றினால் தலைப்பாகை போலிருக்கும்.
நான் சுற்றினால் காயக்கட்டு.
கிழமை நாட்களில் நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை,
கை வேறென்ன செய்யும்.

ஆடி போலக் காற்று, ஆனால் மழை இல்லை.
ஐந்து கிழமை.
பாறையை வெட்டிக் கொண்டுவந்த பழைய வாய்க்காலில்
எங்கள் முறை நாலிலிருந்து ஆறு மணி.
மடை திறந்தால் தொட்டி நிறையும்,
தொட்டியிலிருந்து முதுகுக்கு இருபது லீட்டர்,
கன்றுக்கு இரண்டு.
வகுத்துப் பாருங்கள், ஒரு முதுகு பத்துக் கன்று.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
கல் உருண்டது.
முழங்கால் பிறகுதான் நிலத்தைத் தொட்டது,
அதற்கு முன்பே கான் திறந்து
தண்ணீர் என்னை முந்திக் கீழே போயிற்று.
மூடியைச் சரியாகத் திருகவில்லை. நான்தான்.
மேலே மடையை அடைக்கும் பலகைச் சத்தம் கேட்டது.
அடுத்த முறை யாருடையதோ மேய்ச்சல் நிலத்துக்கு.

கொப்பியில் 231 முதல் 240 வரை
பத்துச் சரி போட்டேன்.
பென்சில் கூட நடுங்கவில்லை.

அடுத்த சனி போனால்
விழுந்த இடத்தில் புல்.
பொசுங்கிய சரிவு முழுக்கத் தேடினாலும்
அப்படி ஒரு பச்சை கிடையாது:
நான் கைநீட்டி விழுந்தது போலவே
நீளமாய், கொஞ்சம் கோணலாய்.
ருப்பன் அதைத் தாண்டிப் போனார்.
தெஸ்ஃபாய் நின்று பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
"நல்ல புல்" என்றான்.
இரண்டு கிழமை அது காயவே இல்லை.
போகிற வழியில் அதை மிதித்து மிதித்துப் போனேன்.

ஒக்டோபரில் எண்ணினோம்.
231 முதல் 240 வரை நாலு செத்திருந்தது.
நான் வாயைத் திறக்கப் போனேன்.
241 முதல் 250 வரை, ஒரு சொட்டும் குறையாமல் குடித்தவை,
ஐந்து.

அப்போதுதான் சொன்னேன். கான், கல், மூடி, கொப்பி.
ருப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"வேருக்கு உன் கொப்பி வாசிக்கத் தெரியாது" என்றார்,
பிறகு, கொஞ்ச நேரம் கழித்து,
"ஆனால் எனக்குத் தெரியும்.
இனிமேல் பொய்ச்சரி போடாதே."

என்ன செய்வது இந்தக் கணக்கை?
தண்டனையாய் இருந்தாலும் வாங்கியிருப்பேன்.
மன்னிப்பு என்றால் கும்பிட்டிருப்பேன்.
நான் கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான் என்று
ஒரு மலை சொன்னால்
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

செத்த நாலின் இலக்கம்:
232, 235, 236, 239.
சித்திரையில் அதே குழிகளில் புதுக்கன்று வைத்தோம்.
235இல் இம்முறை ஓக்.
ரோமம் சுற்றும்போது கை கொஞ்சம் மெதுவானது,
தலைப்பாகை மாதிரியே வந்தது.

மூடியை இப்போது இரண்டு தரம் திருகுகிறேன்.
பஸ் இறக்கத்தில் போகையில்
கைவிரல்கள் மடியில் கிடந்தும்
மூன்றாந்தரம் திருகுகின்றன.