ஆச்சே

"வலிக்காது சார்,
அமுத்துற மாதிரி மட்டும் இருக்கும்" என்றாள்
சத்துவாச்சாரி டாக்டரம்மா.
என் மகள் வயசுகூட இராது.
பக்கத்து வீட்டுச் சுவரை யாரோ இடிக்கிற மாதிரி
என் மண்டைக்குள்ளேயே,
எனக்குச் சம்பந்தமில்லாமல்,
கறுக் முறுக்கென்று ஒரு சத்தம்.

கேட்டு வாங்கிக்கொண்டேன்.
பஞ்சில் சுற்றிய கடைவாய்ப் பல்.
மூன்று கால்.
ஒரு காலில் மட்டும் துளி சதை,
விடமாட்டேன் என்று.

ஷேர் ஆட்டோவில் உதடு என்னுடையதாக இல்லை.
கிரீன் சர்க்கிள் திருப்பத்தில்
சட்டையில் எச்சில் ஒழுகியதை
எதிரே இருந்த பெண் சொல்லித்தான் தெரிந்தது.
துப்பக் கூடாது. சூடு கூடாது. உறிஞ்சக் கூடாது.
பேசக் கூடாது என்று சீட்டில் எழுதவில்லை,
அதைப் பஞ்சு பார்த்துக்கொண்டது.

ஐந்து மணிக்கு மரப்பு விட்டது.
ஆறு மணிக்குக் குளிர்.
வெளியே நூற்றெட்டு டிகிரி காய்ந்து
மலைப்பாறை எல்லாம் அனல் விடுகிற சித்திரையில்
லாட்ஜ் கவுன்டருக்குப் பின்னால்
மூன்று பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நான்.
வாயில் இரும்பு. அதன் மேல் கிராம்பு.
குமட்டியது.
குமட்டினால் வாய் திறக்கும்,
திறந்தால் பஞ்சு விழும்.
விழுங்கினேன், என்னையே, கொஞ்சம் கொஞ்சமாக.

பதினெட்டு வருஷமாக இந்தக் காந்தி ரோட்டில்
வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்குச்
சாவி எடுத்துக் கொடுக்கிறேன்.
பாயும் பக்கெட்டும் இலவசம்,
அடுப்புக்குத் தனி வாடகை.
அவர்கள் எழுத்து எனக்குத் தெரியாது.
பேச்சு வரும், அதுவும் உடம்பைப் பற்றிய பேச்சு.
பேத்தா ஆச்சே? வலி இருக்கா?
ஆயிரம் பேரைக் கேட்டிருப்பேன்
ரசீது எழுதிக்கொண்டே.

ஆச்சே என்றால் அவர்களுக்கு, இருக்கிறது.
வேலைக்கு வந்த புதிதில்
"ரூம் ஆச்சே?" என்பார்கள்.
"எல்லாம் ஆச்சே" என்று நான் வருத்தமாகச் சொல்வேன்.
சந்தோஷமாகப் பெட்டியோடு உள்ளே வருவார்கள்.

இருநூற்றேழு மினோதி
வெந்நீர் கேட்க இறங்கியவள்
என் கன்னத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.
"பூஷண்-தா, பேத்தா ஆச்சே?"
நாக்கு அந்தக் குழிக்குப் போய்த்
தடவிப் பார்த்துவிட்டு வந்தது.
எந்தப் பாஷையில் தலையாட்டினேனோ.
துண்டில் ஐஸ் சுற்றிக் கொண்டுவந்தாள்,
புருஷனுக்கு வாங்கி வைத்தது.

பின்னாலேயே அவரும் வந்தார், தபன்,
படிக்கட்டுக் கைப்பிடியை எண்ணி எண்ணிப் பிடித்து.
மூக்கில் குழாய்.
இடது தாடையில் பாதியைப்
பங்குனியிலேயே ஆஸ்பத்திரியில் விட்டாயிற்று.
எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டிராயரைத் திறந்து
பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன்.
ஏன் காட்டினேன்? காய்ச்சல்தான்.
பர்த்வானில் மீன்கடை வைத்திருந்த மனிதர்,
செவுளைப் பார்ப்பதுபோல்
பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஒரு விரலைத் தூக்கினார். ஒன்றுதானா?
ஒன்றுதான்.
தன் தாடையைத் தொட்டு
பத்து விரலையும் விரித்தார், மடக்கினார்,
பிறகு கணக்கு பிடிபடாமல்
கையை உதறினார்.
தோள் குலுங்கியது.
சிரிப்பென்று கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்தது.

எனக்கும் வந்தது. தையல் இழுத்தது.
வெட்கமாகவும் இருந்தது,
ஒரு பல்லுக்கு மூன்று பெட்ஷீட்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
மின்விசிறியைக் காட்டி அவர் ஏதோ கேட்டார்,
கரன்ட் போகும் நேரத்தைக் கையால் சொன்னேன்.
சொன்ன நேரத்துக்குப் போனது.
இருட்டில் இரண்டு பேரும்
மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம்.
மேலே மினோதியின் குழம்பு தீய்ந்த வாசம்.

ராத்திரி, காட்பாடியில்
ஹவுரா வண்டி வந்திருக்கும்.
போன் அடித்தது.
பிளாட்பார இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை,
அதற்கு நடுவில் ஒரு குரல்.
"தாதா, ரூம் ஆச்சே?"

பஞ்சை நாக்கால் ஓரம் தள்ளினேன்.
வெதுவெதுவென்று உப்பு ஊறியது.
ஆ, என்றேன்.
மீதியை அவர்களே
போட்டுக்கொண்டிருப்பார்கள்.