நாலாவது விளக்கு

நாலு மணிக்கு வருகிறான் ஒமூகா.
சைக்கிளில் நாலு பேட்டரி, வாயில் ஒரே சொல்: அவசரம்.
ம்ஃபாங்கானோ தீவில்
சூரியனுக்கு அவசரமும் கிடையாது, தாமதமும் கிடையாது.
வருடம் முழுக்க ஆறே முக்கால் சுமாருக்கு
ஏரியில் இறங்கிவிடும்.

இன்று அமாவாசை.
ஒமேனா மீன் வெளிச்சத்திடம் ஏமாறும் இரவு.
எல்லாப் படகுக்கும் விளக்கு வேண்டும்;
என் கூரையில் இருப்பதோ இரண்டே தகடு.

காலையிலிருந்து ஏறியவை மூன்று இருந்தன.
அவனுடைய மூன்று காலிக்கு மாற்றிக் கொடுத்தேன்.
நாலாவதுக்கு மாற்று இல்லை.
"மாற்று எதுக்கு அபோன்டி? இது நிறைஞ்சிருக்கு, பார்!"
மீட்டரின் இரு முனையையும் அவனே வைத்தான்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.

நான் பேசவில்லை.
பழைய லாரி முகப்பு பல்பை எடுத்து அதில் மாட்டினேன்.
பத்து எண்ணுவதற்குள்
பன்னிரண்டு பதினொன்றாகி, பத்தாகி,
பல்பின் இழை செங்கல் நிறத்துக்கு வந்தது.

வோல்ட் என்பது பேச்சு, ஒமூகா.
சும்மா இருக்கையில் எல்லோருக்கும் வாய் உண்டு.
சுமை ஏறும்போதுதான் சரக்கு தெரியும்.

சுவரில் கரியால் கணக்கு எழுதியிருக்கிறேன்:
ஏழு ஆம்பியர் மணி, பன்னிரண்டு வோல்ட்,
பெருக்கினால் எண்பத்து நாலு.
பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் போகும்,
ஆக நாற்பத்திரண்டு.
விளக்கின் பசி ஐந்து வாட்.
எட்டு மணி நேரம்.
ஓர் இரவு; சரியாக ஓர் இரவு.
அட்டையில் அச்சடித்த ஏழு
அது பிறந்த நாளின் ஏழு.
இப்போது இரண்டு இருந்தால் அதிகம்.

"அப்போ வேகமா ஏத்து. இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏறும் வரைக்கும் மடமடவென்று ஏறும்,
கடைசிக் கால் பங்கு மட்டும்
பந்தியில் வயிறு நிறைந்தவன் போல
ஒவ்வொரு வாயாகத்தான் வாங்கும்.
திணித்தால் உள்ளே கொதிக்கும், பக்கங்கள் உப்பும்.
போன மாசம் உப்பிய ஒன்றை
வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்,
அவசரக்காரர்கள் தடுக்கிக்கொள்ளட்டும் என்று.

"ஒரு மணிக்கு அணையும்," என்றேன்.
"பார்க்கலாம்," என்று போனான்.

நாலாவது விளக்குக்கு அவன் மஞ்சள் பாட்டில் கவிழ்ப்பான்;
கரையிலிருந்து தெரியும்.
நள்ளிரவு தாண்டி வெளியே வந்தேன்.
ஏரி முழுக்க வெள்ளைப் புள்ளி, நடுவில் ஒரு மஞ்சள்.
மங்கியது. போயிற்று.
மணி பார்த்தேன்: ஒன்றே கால்.
சரியாகச் சொன்னவளின் தூக்கம்
நன்றாகவே வந்தது.

விடிந்ததும் வந்தான்.
கட்டணத்துக்குப் பதில் ஒரு வாளி ஒமேனா,
வெள்ளி ஊசிகளாய்.
"நாலு மணி வரை எரிஞ்சது."
பொய், என்றேன்.
"மங்கினதும் நிறுத்தினேன்.
மத்த மூணு விளக்கிலும் வலை இழுத்துட்டு வந்து போட்டேன்.
எரிஞ்சது. மறுபடி மங்கிச்சு.
மறுபடி நிறுத்தினேன்.
கடைசியா எரிஞ்சது ஒரு சிகரெட் நேரம்தான்.
ஆனா அந்த நேரத்துலதான் மீன்."

ஓய்ந்த பேட்டரியில் எண் மெல்ல ஏறுவதை
நூறு தடவை பார்த்திருக்கிறேன்.
அதையும் வெறும் பேச்சு என்றே தள்ளியிருந்தேன்.

புதுசு வாங்கு, இது முடிந்தது, என்றேன்.
அடுத்த அமாவாசைக்கு, என்றான்.

அவன் போனபின் கரித்துண்டை எடுத்தேன்.
ஏழு, பன்னிரண்டு, எண்பத்து நாலு, ஐந்து, எட்டு.
எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவது
என்று தெரியவில்லை.