வயது தெரியவில்லை

கன்னியப்பன் அதைத் தினத்தாளில் கிடத்தி
இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.
"மரத்தயே தொளைக்கிற மண்ட மேடம்.
கண்ணாடில மோதிகினு உயிர வுட்ருச்சி."

ஆறு பத்து.
பாகாயம் போகும் முதல் பஸ் ஹாரன் அடித்துக் கடந்தது.
அந்த ராத்திரி ஒன்பது தலைகளை ஸ்கேன் எடுத்திருந்தேன்.
ஒன்பதாவது, மேல்பட்டி வஜ்ரவேலு.
ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்மேல் பத்திரமாக இருந்ததாம்.

எபனேசர் சார் டீக்குப் போயிருந்தார்.
இயந்திரம் சும்மா உறுமிக்கொண்டிருந்தது.
தப்பு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

பெயர் கேட்டது திரை. மரங்கொத்தி.
வயது: தெரியவில்லை.
உச்சி முழுக்கச் சிவப்பு, ஆகவே ஆண்.
உறவினர்: காலியாக விட்டேன்.

ஆறடி ஆட்களுக்கான மேசையில்
சாணுக்குச் சற்று மேலே ஒரு நோயாளி.
முதுகில் பழுத்த மாம்பழத் தோல்.
முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு
(அதில் ஒன்று குட்டை),
இல்லாத பட்டையை இன்னும் பிடித்தபடி.
வாலை நீவினேன்: விளக்குமாற்றுக் குச்சி.
நட்டுக்கு நின்ற மரத்தில்
அதுதான் மூன்றாவது கால்.
படுக்க வைத்தால் இடைஞ்சல்.

படம் வந்தது.
நாக்கைத் தேடினேன். வாய்க்குள் அடங்கவில்லை.
அதைத் தாங்கும் நூலெலும்பு
தாடைக்கடியில் இரண்டாய்ப் பிரிந்து
பிடரியைச் சுற்றி, உச்சி ஏறி இறங்கி,
மூக்குத் துளை ஓரம் போய் முடிந்தது.
ஓர் எறும்பை எடுக்க
தலையை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும்.
மாமியார் என்னிடம் பணம் கேட்பதும்
ஏறக்குறைய இந்த வழியில்தான்.

உள்ளே பஞ்சு இருக்கும், ஸ்பிரிங் இருக்கும் என்று
தொரப்பாடி ஸ்கூலில் சொல்லித்தந்தார்கள்.
நான் பார்த்தது சுத்தியல்.
அதற்குள் நெல்லிக்காயைவிடச் சின்ன மூளை,
ஆட இடமில்லாமல்.
வஜ்ரவேலுவுக்கு மூளை பெரிது.
ஆட இடம் இருந்தது.

ஒவ்வொரு கொத்துக்கும் முன்னால்
கண்ணுக்குள் ஒரு மெல்லிய இமை மூடும்,
கழுத்து இறுகும்,
நேராகப் போன அலகு நேராகவே திரும்பும்.
வருகிறது என்று தெரிந்த அடி
ஆயிரம் விழுந்தாலும் ஒன்றுமில்லை அதற்கு.
இன்று கண்ணாடிக்குள் ஒரு புங்கமரம் தெரிந்திருக்கிறது.
மரத்துக்குப் பறந்து போகையில்
யார் கழுத்தை இறுக்கிக்கொள்கிறார்கள்?

கழுத்தில் மட்டும் ஒரு கோடு.
தலை, சொன்னால் நம்பமாட்டீர்கள், முழுசாக.

கதவைத் திறந்தபோது
பெஞ்சிலிருந்து எழுந்தாள் வஜ்ரவேலுவின் மனைவி.
சேலை முந்தானையில் காய்ந்த ரத்தம், கையில்
அவன் செருப்பு ஒன்று. இன்னொன்று கிடைக்கவில்லை.
"தலையில ஒண்ணும் இல்லீங்களே மேடம்?"
"டாக்டர்தான் சொல்வாங்க."
இதற்கு வேறு பதில்
எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அப்போதுதான் ஜெனரேட்டர் அறைத் தகரத்தில்
டர்ர்ர்ர் என்று ஒரு நீளமான தட்டல்.
நின்றது. மறுபடி.
தகரத்தில் புழு கிடையாது,
அது இரைக்குத் தட்டுவதில்லை.

அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.
கன்னியப்பன் தினத்தாளைப் பிரித்தபடி நின்றார்,
எதில் சுற்றுவது, எங்கே புதைப்பது என்று.

உள்ளே திரை கேட்டுக்கொண்டிருந்தது:
அழிக்கவா?
விரல் பொத்தான்மேல் இருந்தது.
இன்னொரு முறை தட்டட்டும் என்று
காத்திருந்தேன்.