தாருக்கு ரெண்டு பக்கம்

நவமணி மேடம், கோவிச்சுக்காதீங்க,
பதினேழு நாள் தாமதமுங்க.
அபராதத்துக்குச் சில்லறையாவே கொண்டாந்திருக்கறன்.

தறிக்குடோன்ல வெச்சுத்தான் எல்லாம் படிச்சது.
எட்டுத் தறி ஓடற சத்தத்துல
பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் காது கேக்காது,
எழுத்துக்குள்ள ஒருத்தி முணுமுணுத்தாக் கேக்குது.
ஒரு தார் நெறையறதுக்குள்ள ரெண்டு பக்கம்.
நூல் அந்துச்சுன்னா ஒண்ணரை.
அப்படித்தானுங்க நான் கதையை அளக்கறது.

முதல்ல அந்தக் குண்டு நாவல்.
ஆத்தோரம் ஒரு பெரிய குடும்பம், நாலு தலைமுறை,
ஊட்டுல எப்பவும் பத்துப் பதினஞ்சு பேரு.
உக்காந்து நாயம் பேசறாங்க, அழுகறாங்க,
சொத்துக்கு அடிச்சுக்கறாங்க.
காப்பி மட்டும் வந்துட்டே இருக்குது.
யார் போட்டதுன்னு
முன்னூறாம் பக்கம் வரைக்கும் தேடிப் பார்த்தன்.
பாத்திரம் கழுவற சத்தம்
ஒரு வரியிலகூட இல்லீங்க.
மத்தபடி நல்ல எழுத்து.
வெள்ளம் வந்த எடத்துல
நெசமாவே காலைத் தூக்கி வெச்சுட்டன்.

புள்ளை வளர்க்கற புத்தகம்
நான் கேக்கவே இல்லை, நீங்கதான் கையில குடுத்தீங்க.
தெனமும் இருபது நிமிசம்
கொழந்தை கண்ணைப் பார்த்துப் பேசணுமாம்.
அந்த வரியில இருக்கறப்பத்தான்
கனிஷ்கா வந்து முந்தானையை இழுத்தா.
"சித்தெ இரு கண்ணு, அம்மா படிக்கறனல்லொ"ன்னு
அந்தப் பக்கத்தை முடிச்சன்.
அப்புறந்தான் சிரிப்பு வந்துச்சு.
அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

துப்பறியற கதையில கொலைகாரன் ஆருன்னு
பையன் முன்னாடியே சொல்லிப்போட்டான்.
ஒண்ணு வெச்சன். வருத்தமில்லை.

கவிதைப் புத்தகம்
சோறு கொதி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.
நெலா பதினாலு தடவை வருது.
எங்க தெருவுல கரண்டு போனாத்தான் நெலா,
கரண்டு போனாத் தறி நிக்கும்,
தறி நின்னாக் கூலி நிக்கும்.
அதனால அது மேல எனக்குப் பெருசாப் பிரியமில்லைங்க.
ஆனா ஒரு வரி,
கொடியில காயற சட்டைக்குள்ள
காத்து வந்து தோள் வெச்சுப் பார்க்குதுன்னு.
மறுபடி தேடுனன், கெடைக்கலை.
அதுல இருந்துதா, நானா நெனைச்சுக்கிட்டதான்னு
இப்பச் சொல்லத் தெரியலை.

இன்னொண்ணு இருக்குது.
பையிலதான் இருக்குது, எடுக்கலை.
அதுல ஒருத்தி, என் வயசு இருக்கும்,
இருநூத்துப் பன்னண்டாம் பக்கத்துல
குக்கர் மூணாவது விசில் அடிக்கறதுக்குள்ள
செருப்பைப் போட்டுட்டு ரயிலேறிப் போயிர்றா.
கடலைப் பார்க்கறா. காத்தடிக்குது.
எழுதுனவரு ரொம்ப மெச்சறாரு.

எனக்கு வந்த கோவம்!
குக்கரை ஆரு நிறுத்துனாங்க?
விடிஞ்சா அந்தப் புள்ளைக்குத் தலை வாரி உட்டது ஆரு?
பால்காரருக்குக் கணக்குச் சொன்னது?
ஒரு வரி எழுதியிருக்கலாமல்லங்க?
தார்க்கூடைக்குள்ள வீசிப்போட்டன் புத்தகத்தை.
அட்டையில பஞ்சு ஒட்டியிருக்கும்,
தொடைச்சும் போகலை.

எங்கூட்டுக்காரர் சாப்பிட வந்தப்ப
"என்ன கதை அது"ன்னாரு.
ரயில் கதைன்னன்.
"விபத்தா?"
இல்லீங்க, நேரத்துக்கு வந்த ரயிலுன்னன்.
"அப்பச் சோமனூர்ல நிக்காது"ன்னு சொல்லிப்போட்டு
ரசத்தை ஊத்தச் சொன்னாரு.

அதை மட்டும்
இன்னொரு பதினஞ்சு நாளைக்குப் போட்டுக் குடுங்க.
முப்பது பக்கம் இருக்குது.
அவ திரும்பி வர்றாளா இல்லையான்னு
பின்னட்டையிலயே போட்டிருக்காங்க, அதுக்கில்லை.
போன எடத்துல அவளுக்கு
ஆராச்சும் சூடா ஒரு காப்பி போட்டுக் குடுத்தாங்களான்னு
பார்க்கணும்.

சீலை அழுத்திக் குத்துங்க மேடம்,
போன தடவை தேதியே தெரியலை.