எதில் பன்னிரண்டு

பன்னிரண்டு என்றாய்.
பன்னிரண்டு என்று அழுத்தினேன்.
எதில் பன்னிரண்டு என்று
நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

உன் பீர்க் குறிப்பை எழுதியவன் எல்லைக்கு அந்தப்பக்கம்,
பவுண்டில் நினைக்கிற ஆள்.
கடை இங்கே சாஸ்கட்டூனில், கிலோவில் நிறுப்பது.
நடுவில் நான்,
இரவு வேலை முடிந்து பேருந்தில்
ஒற்றைக் கண்ணால் ஃபோனைப் பார்த்தபடி.

மூட்டை வந்த அன்று மைனஸ் முப்பத்தொன்று.
கூரியர்காரன் படியில் போட்டுவிட்டு ஓடியே போனான்.
தூங்கிப்போன இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கும் கனம்.
அணைத்தபடிதான் உள்ளே கொண்டுவர முடிந்தது.

வெளிர் மால்ட், காரமெல் மால்ட்,
ஒரு கைப்பிடி கருக வறுத்தது,
எல்லாம் அரைத்து, எல்லாம் கலந்து.
பிரிக்க வழியில்லை. கடையும் திருப்பி வாங்காது.
அரைத்த தானியம் கோபம் மாதிரி இல்லை,
வைத்திருந்தால் சீக்கிரம் சவசவத்துப்போகும்.

வடக்கே சுரங்கத்திலிருந்து கூப்பிட்டாய்.
நீ திரும்ப இன்னும் பதினொரு நாள்.
"நான் பவுண்டுன்னுதானே சொன்னேன்" என்றாய்.
சொல்லவில்லை.
"சரி விடு, பாதியைக் கொட்டிடு" என்றாய்.
லைன் வெட்டிக்கொண்டது.
நான் வெட்டினேன் என்று நினைத்திருப்பாய்.

மின்சார பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
இரட்டிப்பாகக் காய்ச்சலாம், பானை போதாது.
இரண்டு நாளாகக் காய்ச்சலாம், லீவு போதாது.
மூன்றாவதாக ஒன்றும் தோன்றாமல்
சொதிக்குத் தேங்காய் பிழிந்துகொண்டிருந்தேன்.
முதல் பால் கெட்டியாய் ஒரு கிண்ணத்தில்,
அதே பூவில் வெந்நீர் விட்டு இரண்டாம் பால் இன்னொன்றில்.
கை நின்றது.
சொதி அன்று அடிபிடித்தது.

பக்கத்துவீட்டு டேரிலிடம் கூலர் கேட்டேன்,
ஏரிக்கு அவன் கொண்டுபோகிற குழாய்வைத்த பெரிய பெட்டி.
நன்றாகத் தேய்த்தும் மூலையில் மீன் மணம்,
மறுபடி தேய்த்தேன்.
பழைய வலைத்திரையைப் பையாகத் தைத்து உள்ளே விரித்து
முப்பது லிட்டர் வெந்நீர், பன்னிரண்டு கிலோ மாவு,
களி கிண்டுவதுபோல் கட்டி உடைத்துக் கிண்டினேன்.
விளிம்புக்கு ஒரு விரல் மிச்சம்.
அறுபத்தேழு டிகிரி. மூடினேன்.
மூடிமேல் உன் குளிர்கோட்டைப் போர்த்தினேன்,
சூடு நிற்கத்தான், வேறொன்றுமில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால்
வெல்லப்பாகு நிறத்தில் இழைபிடித்து இறங்கியது.
ஹைட்ரோமீட்டர் அமிழ மறுத்துக்
கழுத்தை நீட்டி நின்றது: ஆயிரத்துத் தொண்ணூற்று நான்கு.
உன் குறிப்பில் ஐம்பத்திரண்டுதான்.

மறுபடி வெந்நீர் விட்டேன்.
இரண்டாம் வடிப்பு வெளிறியது, லேசானது,
முப்பத்து நான்கு.
குறைச்சல் என்று சொல்ல மனம் வரவில்லை.
ஒரு வாய் குடித்தேன், காலை வெயில்போல் மெலிதாக இனித்தது.

ஹாப்ஸ் போடும்போது
அவுன்ஸா கிராமா என்று மூன்று தடவை பார்த்தேன்.
கெட்டிக்கு இரண்டு பாக்கெட் ஈஸ்ட், லேசுக்கு ஒன்று.
லேசானது அடுத்த மாதம் நீ வரும்போது குடிக்க ஆகும்.
கெட்டிக்கு அடுத்த குளிர்காலம் வேண்டும்.
அடுத்த குளிர்காலம் நாம் எந்த ஊரில்,
ஒரே ஊரிலா,
அதைக் குறிப்பில் யாரும் எழுதவில்லை.
பாத்திரத்தில் தேதியை மட்டும் ஒட்டினேன்.

சக்கையைக் கொல்லையில் கொட்டினேன், ஆவி பறந்தது.
கையுறை கழற்றுவதற்குள் மேல்பரப்பு இறுகிவிட்டது.
பத்து மணிக்குமேல் வேலிக்கடியிலிருந்து
வெள்ளை முயல்கள் மூன்று வந்தன.
முதலில் காதுகள் மட்டும் தெரிந்தன.

அப்போதுதான் நீ மறுபடி கூப்பிட்டாய்.
கொட்டிட்டியா என்று கேட்கவில்லை.
"எவ்வளவு வந்தது?" என்றாய்.

"இரண்டு" என்றேன்.

அந்தப்பக்கம் காற்றின் இரைச்சல்,
யாரோ கதவைச் சாத்தும் சத்தம்,
பிறகு உன் குரல், நிதானமாக:

"எதில் இரண்டு?"